வெள்ளரி விதைக்கு வயது பார்த்த கதை

எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். இதைச் சொல்லாமல் எந்தப் பேச்சையும் ஆரம்பிக்கிற வழக்கம் அந்த நாளில் எனக்கு இல்லை. கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, கோவிந்தாபுரம் போகிற வண்டிப்பாதை ஓரம் இருந்த எங்கள் பதினாறு வீட்டில் மூன்றாம் வகுப்பு வரை போனவன் நான் ஒருவன்தான். மூன்றாம் வகுப்பில் இரண்டு வருடம் இருந்ததால் அதை நான்காம் வகுப்பு என்றே வெளியில் சொல்லிக்கொள்வேன். அந்தப் படிப்பு ஒருமுறை என் கையிலிருந்த தோட்டத்தையே பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது.

தோட்டம் கோயிலுடையது. பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்து நான் பயிர் வைத்தேன். நடுவில் ஒரு நல்ல கிணறு. எருது பூட்டிக் கவலை ஏற்றத்தில் இறைத்தால் எந்தக் கோடையிலும் தண்ணீர் வரும். எங்கள் வீட்டு உலை கொதித்ததெல்லாம் அந்தக் கிணற்றை நம்பித்தான். கோயில் நிலங்களைப் பார்த்துக்கொண்ட காரியஸ்தர் மலையாளத்துக்காரர். எங்களோடு பேசிப் பேசி ஒரு தமிழ் கற்றிருந்தார். அது எங்கள் தமிழும் இல்லை, அவருடைய மலையாளமும் இல்லை. ஆனால் அவர் கோபம் இரண்டு பாஷையிலும் தெளிவாகப் புரியும்.

பொள்ளாச்சியிலிருந்து எங்கள் பக்கம் ரயில் வரப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த வருடம் அது. ரயில் வந்தால் காயெல்லாம் கோயமுத்தூருக்குப் போகும், வெங்காயம் போட்டவன் ராஜா என்று யாரோ சொன்னார்கள். எனக்கு ராஜா ஆவதில் ஆட்சேபம் இல்லை. பானையில் இரண்டு வருடமாகக் கிடந்த வெங்காய விதையை எடுத்துத் தோட்டத்தில் பாதிக்கு விதைத்தேன். என் மனைவி அப்போதே சொன்னாள்: "ஏனுங்க, வெங்காய விதை ஒரு வருசத்துக்கு மேல உசிரோட இருக்காதுங்க." நான் அவளுக்கு எழுத்துத் தெரியாது என்பதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

இருபது நாள் தண்ணீர் விட்டேன். கோரை முளைத்தது. கோரை மட்டுமே முளைத்தது.

என் மனைவியின் அண்ணன், என் மச்சான், அடுத்த வளவுக்காரர். என்னைப் பார்க்க அவருக்குத் தினம் ஒரு காரணம் கிடைக்கும். வரப்பில் நின்று, துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, வெகு மரியாதையாகச் சொன்னார்:

"மாப்பிள்ளே, கோரையை இத்தனை நேர்த்தியாப் பாத்தி கட்டி வளத்தினவரை நான் எங்கயும் பார்த்ததில்லீங்க. பாய் முடையறவங்களுக்குச் சொல்லி உடட்டுங்களா?"

அன்றைக்கு நான் ஒரு பாடம் கற்றேன். ஆனால் பாதிதான் கற்றேன். வெங்காய விதை ஒரு வருடத்துக்கு மேல் நிற்காது என்று அவள் சொன்னதில் 'வெங்காய' என்பது என் காதில் நிற்கவில்லை. எந்த விதையானாலும் வருடம் ஒன்று தாண்டினால் பிணம் என்று முடிவு கட்டிவிட்டேன். மூன்று வருடக் கத்தரி விதையைக் குப்பையில் கொட்டினேன். அவள் அதை முறத்தில் அள்ளிப் புடைத்து எடுத்து மறுபடி கட்டி வைத்தாள். 'கிடக்கட்டும், பெண்புத்தி' என்று விட்டுவிட்டேன். இப்படி எழுத இப்போது கை கூசுகிறது. அன்று கூசவில்லை.

கோரைப் பாத்தியைக் காரியஸ்தரும் பார்த்தார்.

"எடோ, தோட்டத்துல காயும் இல்ல, பூவும் இல்ல. அடுத்த விஷுவுக்குக் கணிவெள்ளரி எங்கேன்னு நான் அலையறேன். நிலம் இருந்தும் உபகாரம் இல்லேன்னா எதுக்கு? உன்னோட மச்சானுக்குக் கொடுத்தா அவன் என்னமாச்சும் செய்யும்."

கணிவெள்ளரி என்பது பச்சையாகக் கடித்துத் தின்கிற வெள்ளரி அல்ல. முற்றிப் பழுத்தால் பொன் நிறம் ஏறி, குடம் போல உருண்டு திரண்டிருக்கும். சித்திரை முதல் நாள் விஷு. விடியும்போது கண்ணைத் திறந்ததும் சுவாமிக்கு முன்னால் உருளியில் அரிசி, கொன்றைப்பூ, கண்ணாடியோடு அதைப் பார்த்தால் வருடம் முழுவதும் நன்றாக இருக்கும் என்பது அங்குள்ள நம்பிக்கை. எங்கள் கோயிலில் ஒரு கட்டளையும் உண்டு. கணிக்கு வைக்கிற வெள்ளரி கோயில் மண்ணிலேயே விளைந்ததாக இருக்க வேண்டும். சந்தையில் வாங்கியது ஆகாது. போன கோடையில் விடாமல் பெய்த மழையில் சுற்றுவட்டாரத்துக் கொடியெல்லாம் பூவோடு அழுகிப்போயிருந்தன. விதைக்கென்று ஒரு பழம் விட்டு வைத்தவர் யாரும் இல்லை.

தோட்டம் மச்சானுக்குப் போகிறது என்று கேட்டதும் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

"கணிவெள்ளரிதானுங்களே? நம்ம ஊட்டுல விதை இருக்குதுங்க! எழுதியே வெச்சிருக்கேன்."

காரியஸ்தர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி. விஷுவுக்கு முந்தின நாள் பன்னிரண்டு வெள்ளரி, நல்ல சொர்ணம் போல. வந்தா தோட்டம் இங்கே. வராட்டா விஷு கழிஞ்சு உன் மச்சான் கவலை பூட்டும். ஆயிக்கோட்டே?"

"ஆகட்டுங்க" என்றேன். மறுநாளே மச்சான் வந்து கிணற்றுக் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். "கயிறு நைஞ்சு கெடக்குதுங்க மாப்பிள்ளே. புதுசாத் திரிக்கோணும். சித்திரைக்குள்ள பண்ணிக்கலாம்" என்றார், தன் வீட்டுக் கயிற்றைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

விதை இருந்தது பொய்யில்லை. எங்கள் சமையலறையில் அடுப்புக்கு மேலே ஒரு மூங்கில் குறுக்கே போகும். அதில் சுரைக்குடுக்கைகள் வரிசையாகத் தொங்கும். காய்ந்த சுரைக்காயைக் குடைந்து, உள்ளே விதையும் சாம்பலும் வேப்பிலையும் போட்டு, வாயைத் துணியால் அடைத்துச் சாணம் பூசி வைப்பது என் மனைவியின் வேலை. அடுப்புப் புகை பட்டுப் பட்டுக் குடுக்கையெல்லாம் கரி ஏறியிருக்கும். ஒவ்வொன்றிலும் அரிசிக் கஞ்சியால் காகிதம் ஒட்டி எழுதி வைத்தது என் வேலை. அவளுக்கு அந்த எழுத்து தேவைப்படவில்லை. எது எந்த இடத்தில் தொங்குகிறது என்று இருட்டில்கூடச் சொல்வாள். எழுத்து என் திருப்திக்கு.

வெள்ளரி விதை இரண்டு குடுக்கையில் இருந்தது. கணிவெள்ளரிக்கும் தின்கிற வெள்ளரிக்கும் விதையில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஒரு குடுக்கையில் 'க' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் 'அ'.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். அப்போது எங்கள் பக்கம் எண்ணெல்லாம் தமிழ் எண்தான். ஒன்றுக்குக் 'க', இரண்டுக்கு 'உ', எட்டுக்கு 'அ'. வெங்காயத்தில் அடிபட்ட என் மூளை அப்போது வருடத்தைத் தவிர வேறு எதையும் எண்ணவில்லை. இரண்டும் கணிவெள்ளரிதான், வயதுதான் வேறு என்று எடுத்துக்கொண்டேன். க என்றால் ஒரு வருட விதை, உயிர் உள்ளது. அ என்றால் எட்டு வருட விதை, செத்தது. இதைவிடத் தெளிவாக யாரால் எழுதி வைக்க முடியும் என்று என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

அந்த வாரம் மனைவி குழந்தையை என் தாயாரிடம் விட்டுவிட்டு அவளுடைய சித்தி வீட்டுக் கல்யாணத்துக்குப் பக்கத்துச் சித்தூர் போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் வேலையை முடித்து அசத்திவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். மார்கழி பிறந்ததும் 'க' விதையை ஊன்றிவிட்டேன். 'அ' விதையை எறிந்துவிடத்தான் எடுத்தேன். ஒரு வயது மகள் தவழ்ந்து வந்து காலைப் பிடித்து அழுதாள். எட்டு வருடத்துப் பிணத்துக்கும் ஒரு உபயோகம் இருக்கட்டும் என்று, கைக்கடக்கமான ஒரு குட்டிச் சுரைக்குடுக்கையில் அந்த விதைகளைக் கொட்டி, தேன்மெழுகால் வாயை அடைத்துக் கொடுத்தேன். சலக் சலக் என்று ஆட்டினாள். அழுகை நின்றது. வீட்டிலேயே கிலுகிலுப்பை செய்கிற அப்பன் ஊரில் எத்தனை பேர் உண்டு?

மனைவி வந்ததும் கேட்டாள்: "கணி விதைதானுங்களே போட்டீங்க?"

"பின்ன? நறுவிசா எழுதியிருக்குது."

"எழுதியிருந்தாச் சரிதானுங்க" என்றாள். அவள் எழுத்தின் மேல் வைத்திருந்த மரியாதை என்னுடையதைவிடப் பெரியது. அதுதான் எங்களைக் கவிழ்த்தது.

விதை ஒன்றுகூடத் தப்பாமல் முளைத்தது. கொடி ஓடியது. பொங்கலுக்கு மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்கியது. நான் மச்சானை வலியப் போய்க் கூட்டி வந்து காட்டினேன். "கயிறு திரிச்சாச்சுங்களா மச்சான்?" என்று கேட்டேன். அவர் வெற்றிலை போட்டுக்கொண்டார். தை முடிவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது காரியஸ்தர் அந்த வழியாக வந்தார். நான் ஓடிப்போய் வரவேற்று, கொடிக்கு நடுவில் நிறுத்தி, இலையை விலக்கிக் காட்டினேன். முழ நீளத்தில், விரல் பருமனில், பச்சைப் பசேல் என்று பிஞ்சுகள்.

காரியஸ்தர் ஒன்றைப் பறித்தார். மேல்துண்டில் துடைத்தார். கடித்தார். நிதானமாக மென்றார்.

"எடோ, இது கக்கரி அல்லே?" என்றார். "திங்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. பகவான் இதைக் கணி கண்டா சிரிச்சுப்போகும்." மீதியையும் தின்று முடித்தார். "இன்னும் ரெண்டு மாசம் உண்டு" என்று சொல்லிவிட்டு, போகும்போது மடியில் நாலு கக்கரியோடு போனார்.

அன்று மாலை எங்கள் வீட்டில் ஒரு விசாரணை நடந்தது. நீதிபதி என் மனைவி. காலிக் குடுக்கைகள் இரண்டும் நடுவில். மச்சானும் வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் நாலு எழுத்துத் தெரியும். ஒரு குடுக்கையைத் தூக்கிக் காகிதத்தைப் பார்த்தார்.

"என்னங்க மாப்பிள்ளே, இருபத்தொண்ணுன்னு போட்டிருக்குது?"

"எங்கீங்க?"

"மேல உ, கீழ க. ரெண்டும் ஒண்ணும் இருபத்தொண்ணு." அடுத்த குடுக்கையை எடுத்தார். "இது இருபத்தெட்டு. உங்களுக்கே இப்ப முப்பது வயசு நெறையலை. பொறந்து கண்ணு முழிச்சதும் வெதையெடுத்துக் காய வெச்சுப்போட்டுத்தான் பால் குடிச்சீங்களாக்கும்?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "அது எண்ணு இல்லீங்க மச்சான்! பிள்ளையார் சுழி! உ போடாம நான் எதையும் எழுதறதில்லை."

"அப்ப உ எண்ணு இல்லே?"

"இல்லை."

"அ மட்டும் எண்ணு?"

என் மனைவி அந்தக் குடுக்கையை அவர் கையிலிருந்து வாங்கினாள். அவள் மெதுவாகச் சொன்னாள்:

"ஏனுங்க, இந்தக் காயிதம் ஒட்டினப்ப நான் பக்கத்துல கஞ்சி காய்ச்சிட்டிருந்தேன். நீங்க எதை எழுதினாலும் ஊருக்கே கேக்கறாப்பலச் சத்தம் போட்டுச் சொல்லித்தான எழுதுவீங்க? 'கக்கரிக்குக் கானா, அம்பலத்து வெள்ளரிக்கு ஆனா'ன்னு சொன்னீங்க. எட்டுன்னு சொல்லவே இல்லீங்க."

அம்பலம் என்றால் கோயில். எங்கள் பக்கத்தில் மலையாளத்தோடு சேர்ந்து எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். அம்பலத்து வெள்ளரி என்பதுதான் கணிவெள்ளரி. எல்லாம் எனக்குப் பளிச்சென்று ஞாபகம் வந்தது. எழுதினது முதலெழுத்து. வெங்காயம் செத்த பிறகு அதையே வருடமாகப் படித்தவனும் நானேதான். என் கையெழுத்தை நானே தப்பாகப் படிப்பதற்கு நான்கு வருடப் படிப்பு தேவைப்பட்டிருக்கிறது.

"போகட்டும்" என்றாள். "அந்த அம்பலத்து விதை எங்கீங்க?"

வாசலில் மகள் உட்கார்ந்து, சலக் சலக் என்று ஆட்டிக்கொண்டிருந்தாள்.

முதலில் என் மனைவி திரும்பிப் பார்த்தாள். பிறகு மச்சான் பார்த்தார். அவர் சிரித்த சிரிப்பில் எங்கள் எருது கட்டுத்தறியில் எழுந்து நின்றது. சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கோயில் தோட்டத்தையே புள்ளைக்கு ஆட்டறதுக்குக் குடுத்துப்போட்டீங்களே மாப்பிள்ளே" என்றார். குழந்தையிடமிருந்து அதை வாங்குவது அத்தனை சுலபமாக இருக்கவில்லை. அவரே வேறொரு குடுக்கையில் கூழாங்கல் போட்டுக் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் விட்டாள்.

மெழுகு ஒரு பக்கம் உடைந்திருந்தது. எத்தனை விதையைக் கோழி தின்றதோ. மனைவியின் உள்ளங்கையில் கொட்டியபோது ஒரு பிடிக்கும் குறைவு. நாற்பத்து மூன்று விதை இருந்தன. அவள் ஒன்றை எடுத்து நகத்தால் மடித்துப் பார்த்தாள். படக்கென்று முறிந்தது.

"செத்துப்போச்சு" என்றேன்.

"இல்லீங்க. முறிஞ்சா நல்லது. வளைஞ்சாத்தான் ஈரம் ஏறியிருக்குதுன்னு அர்த்தம். ரெண்டு மாசம் இவ ஆட்டியிருக்கறா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டலைங்க. ஈரம் உள்ள போகாத வரைக்கும் உசிர் வெளிய போகாது."

"எட்டு வருசம் ஆச்சே, புள்ள!"

"யாரு எட்டுன்னாங்க? ஆறுங்க. நான் கல்யாணமாகி வந்த வருசம் விஷு முடிஞ்சு பிரசாதமாக் குடுத்த பழம். நான்தான் பிழிஞ்சு, சாம்பல்ல பெரட்டி, நெழல்ல காய வெச்சேன்." அவள் அந்த விதைகளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே பேசினாள். "வெங்காயமும் வெள்ளரியும் ஒண்ணுங்களா? வெங்காயம் அடுத்த வருசம் பார்த்தாப் போச்சு. வெண்டை ரெண்டு மூணு வருசம் இருக்கும். கத்தரி நாலு வருசம்கூட நான் பார்த்திருக்கேன், நீங்க குப்பையில கொட்டினதை எடுத்துப் போட்டதுதான் இப்ப மொளைச்சுக் காய்க்குது. வெள்ளரி, சொரை, பூசணி எல்லாம் கெட்டி. வெயிலும் ஈரமும் படலைன்னா அஞ்சாறு வருசத்துக்கு அசையாது."

"நிச்சயமா?" என்றேன்.

"ஆறு வருசத்த நானும் இதுவரைக்கும் போட்டுப் பார்த்ததில்லீங்க" என்றாள். சொல்லிவிட்டு விதைகளை மறுபடி ஒவ்வொன்றாக எண்ணினாள். எங்களுக்கு வேறு விதை இல்லை. மச்சான் அன்று பகலிலேயே செய்தி கேட்டு இரண்டு ஊர் அலைந்து விசாரித்திருந்தார். யாரிடமும் இல்லை. சித்திரைக்குள் காய் பழுக்க வேண்டுமென்றால் இன்னும் ஐந்தாறு நாளுக்குள் முளை மண்ணுக்குள் இருந்தாக வேண்டும்.

அங்கேயும் நான் சும்மா இருக்கவில்லை. மிதக்கிற விதை சொத்தை என்று எங்கோ கேட்டிருந்ததால், மறுநாள் காலையில் ஒரு சொம்புத் தண்ணீரில் விதையைப் போட்டேன். ஒன்று விடாமல் எல்லாம் மிதந்தன. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அவள் வந்து சொம்பை எட்டிப் பார்த்தாள்.

"ஆறு வருசம் காஞ்சது தண்ணியப் பார்த்ததும் முழுகுமாங்க? குடிச்சு முடியட்டும்."

மத்தியானம் பார்த்தால் பாதிக்கு மேல் அடியில் கிடந்தன. எல்லாவற்றையும் எடுத்து நனைந்த துணியில் முடிந்து, வைக்கோல் பொதிந்து, மாட்டுத் தொழுவத்தில் வெதுவெதுப்பான மூலையில் வைத்தாள். நல்ல வெள்ளரி விதை மூன்றாம் நாள் முளை காட்டும். மூன்றாம் நாள் அவிழ்த்துப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. நாலாம் நாளும் இல்லை. அன்று மச்சான் வந்தார். கிணற்றுப் பக்கம் போகவில்லை, கயிற்றைப் பார்க்கவில்லை. நேராகத் தொழுவத்துக்கு வந்து, "என்ன கண்ணு, ஏதாச்சும்?" என்று தங்கையைக் கேட்டார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் கேலி பேசாமல் திரும்பிப் போனார்.

"ஏபுள்ள," என்றேன், "விஷு முடிஞ்சதும் நான் உன் அண்ணங்கிட்டயே கவலை ஓட்டப் போயிடறேன். பழகின எருது, பழகின கிணறு."

"பேசாம இருங்க. வயசானவங்க எந்திரிக்கறதுக்கு நேரமாகும்."

ஐந்தாம் நாள் விடிந்ததும் அவள் தொழுவத்திலிருந்து கூப்பிட்டாள். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை, 'ஏனுங்க' தான். அன்றைக்கு அந்த ஏனுங்க வண்டிப்பாதை வரை கேட்டது. ஓடினேன். துணி விரித்திருந்தது. விதைகளின் மூக்கில் வெள்ளை வெள்ளையாய், அரிசி நொய் மாதிரி. எண்ணினோம். இருபத்தேழு. மறுபடி எண்ணினோம். இருபத்தெட்டு. நான் எண்ணியபோது ஒவ்வொரு முறையும் ஒன்று கூடியது. அவள் என்னை எண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அதற்கப்புறம் அந்தத் தோட்டத்தில் நடந்த பணிவிடை சுவாமிக்குக்கூட நடந்திருக்காது. கக்கரிக் கொடியைப் பிடுங்கிப் போட்டு, குழி எடுத்து, தொழுவுரம் போட்டு, ஒவ்வொரு குழியிலும் ஒரு முளை வைத்தோம். கோழிக்குப் பயந்து முள் வைத்தேன். வண்டுக்குப் பயந்து காலையில் சாம்பல் தூவினேன். மச்சான் எருதை ஓட்டிக்கொண்டு வந்து என்னோடு கவலை இறைத்தார். ஏன் என்று கேட்டேன்.

"உங்க தோட்டம் எனக்கு வந்துபோச்சுன்னா என் தங்கச்சி என்னோட பேசுவாளுங்களா? அதுக்கு நீங்களே வெச்சுக்கிட்டு எனக்குச் சிரிப்புக் காட்டிட்டு இருங்க."

மூன்று செடி போயிற்று. மற்றதெல்லாம் நின்றது. மாசியில் பூ, பங்குனி பிறந்ததும் பிஞ்சு. இந்த முறை பிஞ்சு உருண்டையாக, பச்சையில் வெளிறிய கோடு ஓடி, என் முழங்கால் மாதிரி இருந்தது. நான் தினமும் போய் முழங்காலையும் காயையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். காய் பெருத்தது. முழங்கால் அப்படியேதான் இருந்தது. விஷுவுக்கு எட்டு நாள் இருக்கும்வரை எல்லாம் பச்சைதான். நான் காய்க்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற வீட்டில் கெஞ்சுகிற மாதிரி கெஞ்சினேன். தினமும் தண்ணீர் விட்டால் சீக்கிரம் பழுக்கும் என்று நான் சொல்ல, தண்ணீரை நிறுத்தினால்தான் பழுக்கும் என்று அவள் சொன்னாள். நான் எதிர்த்துப் பேசவில்லை. எனக்கும் கொஞ்சம் புத்தி வந்திருந்தது. நாலு நாள் வெயில் காய்ந்தது. ஒரு காலையில் முதல் காயின் அடிவயிற்றில் மஞ்சள். அடுத்த நாள் ஏழெட்டுக் காயில். பங்குனி கடைசி நாள், நான், மனைவி, மச்சான் மூன்று பேரும் கூடையைத் தூக்கியபோது உள்ளே பன்னிரண்டு இல்லை, முப்பத்தொன்று இருந்தன. வெயிலில் அந்தக் கூடையைப் பார்க்கக் கண் கூசியது. வழியில் எதிரே வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். சிலர் பார்க்காமல் போனார்கள். அவர்களை நான் கூப்பிட்டுக் காட்டினேன்.

காரியஸ்தர் ஒன்றை எடுத்து விரலால் தட்டினார், மோந்து பார்த்தார், கூடைக்குள் திரும்ப வைத்தார். "நாளைக்குக் காலம்பற வாங்க" என்றார். அவ்வளவுதான்.

விஷு விடியலில் கண்ணை மூடிக்கொண்டு வரிசையில் போனோம். மனைவி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலிருந்து என் தோளைப் பிடித்திருந்தாள். சந்நிதிக்கு முன்னால் கண் திறந்தேன். விளக்கு, உருளி, கொன்றைப்பூ, நடுவில் எங்கள் வெள்ளரி. நூறு பேர் கை கூப்பிக்கொண்டு நின்றார்கள். என் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம், "அது நம்ம தோட்டத்துதுங்க" என்றேன். அவர் கும்பிட்டுக்கொண்டே, "தள்ளி நில்லுங்க, மறைக்குது" என்றார்.

வெளியே காரியஸ்தர் எங்களுக்காக நின்றிருந்தார். "எத்தனை கொல்லத்து வித்து அது?" என்று கேட்டார். கொல்லம் என்றால் அவர் பாஷையில் வருடம்.

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டார். வெங்காயத்தில் ஆரம்பித்து, பிள்ளையார் சுழி, இருபத்தெட்டு, கிலுகிலுப்பை, சொம்பில் மிதந்தது என்று ஒன்று விடாமல், என்னைப் போலவே நடந்து காட்டி, என்னைப் போலவே தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். கோயில் வாசலே சிரித்தது. காரியஸ்தர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெரிய பல்வரிசை அவருக்கு.

சிரித்து முடித்து என் மனைவியைப் பார்த்தார். "அப்போ ஆறு கொல்லம் வித்தைப் பத்திரமா சூக்ஷிச்சு வெச்சது நீ?"

"ஆமாங்க."

"எங்க பக்கத்துல வீடும் பறம்பும் நிலமும் பெண்ணுங்க பேருலதான். அதுல ஒரு நியாயம் உண்டுன்னு இப்போ தெரியுது." அங்கே நின்ற எழுத்துக்காரரைக் கூப்பிட்டார். "அந்தத் தோட்டத்துப் பாட்டச்சீட்டை இவ பேருக்கு மாத்து. இனி அதை யாரும் கேட்க வேண்டா."

என் மனைவி, "அப்ப இவரு?" என்று என்னைக் காட்டிக் கேட்டாள்.

"பணிக்கு வெச்சுக்கோ."

வீடு திரும்பும்போது அவள் முன்னால் நடந்தாள். நான் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால். என் பேரில் இருந்த தோட்டம் போய்விட்டதே என்று வருத்தப்பட எவ்வளவோ முயற்சி செய்தேன். வரவில்லை. சந்தோஷத்தில் கால் தரையில் படவில்லை. அவளும் நிமிர்ந்து நடந்தாள். அந்தப் பாதையில் அப்படி அவள் நடந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தோட்டத்து வேலியைத் தாண்டியதும் நின்று, கத்தரிப் பாத்தியைப் பார்த்தாள்.

"ஏனுங்க, எருதைப் பூட்டுங்க. இதுக்கு இன்னிக்குத் தண்ணி போகோணும்."

"நல்ல நாளும் அதுவுமா?"

"கத்தரிக்கு அது தெரியுமாங்க?"

மகளை அவள் இடுப்பில் கொடுத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினேன். "கூலி உண்டுங்களா, அம்மிணி?" என்று கேட்டேன்.

"மொதல்ல தண்ணி வரட்டும்" என்றாள்.